பெரிய சால்மனைப் பிடித்துத் திரும்ப விடுவது பற்றி: காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு கேள்வி

பெண்ணையாற்றுத் தூண்டில் (காவேரிப்பட்டணம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற மே மாதம் மூன்று வாரம் அக்கா வீட்டுக்குப் போகிறேன், ஸ்காட்லாந்தில் அபெர்தீன். என் தூண்டில் பைத்தியம் மாமாவுக்கு நன்றாகத் தெரியும் என்பதால், அந்த ஊர் வழியாகக் கடலில் சேரும் டீ என்ற ஆற்றில் (ஆற்றின் பெயரே அதுதான்) ஒரு நாள் சால்மன் பிடிக்க இடம் பதிவு செய்து வைத்திருக்கிறார். எவ்வளவு பணம் என்று கேட்டால் சொல்லவே மாட்டேன் என்கிறார்.

நான் பத்து வயதிலிருந்து பெண்ணையாற்றிலும் சுற்றியுள்ள ஏரிகளிலும் தூண்டில் போடுகிறவன். மூங்கில் கழி, தங்கூஸ், தக்கை, மண்புழு என்று தொடங்கி இப்போது நாலு வருடமாக ரீல் வைத்த ராடு. இதுவரை பிடித்ததில் பெரியது ஏழு கிலோ கட்லா. பிடித்தால் வீட்டுக்குக் கொண்டு வருவோம், பக்கத்து வீட்டுக்கும் போகும். விரல் அளவுக் குஞ்சுகளைத் தவிர எந்த மீனையும் நான் திரும்ப விட்டதே இல்லை.

அங்கே அப்படி இல்லையாம். எவ்வளவு பெரிய சால்மனானாலும் விட்டுவிடுவதுதான் வழக்கம், பெரியதாக இருந்தால் இன்னும் கவனமாக விட வேண்டும் என்கிறார் மாமா. இதை அப்பாவிடம் சொன்னேன். "சாப்பிடறதுக்குப் பிடிச்சா அது பசி. விடறதுக்குப் பிடிச்சா அது வதை. மீன் வாயில முள்ளக் குத்தி இழுத்து வெளையாடறதுக்கா அவ்ளோ தூரம் போற?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ரெண்டு நாளாக அதே நினைப்பாக இருக்கிறது.

விட்ட மீன் உண்மையிலேயே பிழைக்கிறதா, இல்லை நம் கண்ணுக்கு மறைந்து போய்ச் சாகிறதா? பெரிய மீன் மாட்டினால் நான் இங்கே செய்வது போல தூண்டில் நரம்பை விட்டு விட்டு இழுத்துக் களைக்க வைத்து எடுக்கலாமா? மறைக்காமல் சொல்கிறேன், ஒரு போட்டோ எடுக்கவும் ஆசைதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் ராடு (ஓசூர்) எழுதியது:

தம்பி, நான் வேலைக்காக ஐந்து வருடம் அபெர்தீனில் இருந்தேன், அந்த ஆற்றில் பதினைந்து இருபது நாளாவது நின்றிருப்பேன். அப்பா கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதை மனதில் வைத்துக்கொண்டே போங்கள், அது இருந்தால்தான் கை நிதானமாக இருக்கும்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். இரண்டாவது வருடம், மே கடைசி, எனக்கு ஒரு பெண் சால்மன் மாட்டியது. அங்கே 20 பவுண்டு, அதாவது 9 கிலோ தாண்டினால் வாழ்நாள் மீன் என்பார்கள், இது அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. நரம்பு அறுந்துவிடுமோ என்ற பயத்தில் இருபத்தைந்து நிமிடம் விளையாடினேன். கரைக்கு வந்தபோது மீன் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. அப்போதாவது விட்டிருக்க வேண்டும். நான் தூக்கிப் பிடித்து, நண்பன் போட்டோ எடுத்து, அது சரியாக வரவில்லை என்று இன்னொன்று எடுத்து, அப்புறம்தான் தண்ணீரில் வைத்தேன். தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு மேல் முழங்கால் தண்ணீரில் நின்றேன். கடைசியில் மெல்ல நகர்ந்து ஆழத்துக்குப் போனது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை அந்த மடுவின் கீழ் முனையில், கல்லுக்கிடையில் ஒரு பெரிய பெண் மீன் செத்துக் கிடந்தது. என் மீன்தான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த போட்டோவை இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை.

அதனால் நீங்கள் இங்கே கட்லாவுக்குச் செய்வதை அங்கே செய்யாதீர்கள். மெல்லிய நரம்பு போட்டு நேரம் இழுப்பது திறமை மாதிரி தெரியும், ஆனால் அந்த நேரம் முழுக்க மீனின் கணக்கிலிருந்துதான் போகிறது. முனை நரம்பு 15 பவுண்டு இழுப்பாவது தாங்குவதாகக் கேளுங்கள், மாட்டிய பிறகு கழியைப் பக்கவாட்டில் சாய்த்து அழுத்தமாக இழுங்கள், மீன் எடையில் பவுண்டுக்கு ஒரு நிமிடம் என்று பழைய ஆட்கள் சொல்லும் கணக்குக்கும் முன்னாலேயே கரை சேர்க்கப் பாருங்கள்.

முள் ஒற்றை முள்ளாக இருக்கட்டும், மூன்று தலை முள் வேண்டாம். முள் நுனிக்குக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாக்கை, பார்ப் என்பார்கள், குறட்டால் அழுத்தி மடக்கிவிடுங்கள். நரம்பு தொய்யாமல் இருந்தால் மீன் தப்பாது, கழற்றும்போது இரண்டு நொடியில் வந்துவிடும். வலை முடிச்சில்லாத ரப்பர் வலை. நம் ஊர் முடிச்சு வலை செதிலையும் மேலே உள்ள வழவழப்பையும் உரித்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, கரைக் கல்மேல் போடுவது, செவுளுக்குள் விரல் விடுவது எல்லாம் கூடவே கூடாது.

எடை போடவும் வேண்டாம். கழியில் முன்பே அளவுக்கோடு போட்டுக்கொள்ளுங்கள், மீன் தண்ணீரில் கிடக்கும்போதே பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். 100 சென்டிமீட்டர் சால்மன் ஏறத்தாழ 10 கிலோ, அந்தக் கணக்கு போதும். போட்டோ வேண்டுமென்றால் மீன் வலைக்குள் தண்ணீரிலேயே இருக்கட்டும், நீங்கள் குனிந்து பக்கத்தில் இருங்கள், எடுப்பவர் முதலிலேயே தயாராக இருக்கட்டும். தூக்கியே ஆக வேண்டும் என்றால் ஈரக் கையால், தண்ணீர் சொட்டச் சொட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து எண்ணுவதற்குள் திரும்ப இறக்கிவிடுங்கள்.

இன்னும் ரெண்டு விஷயம். ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்குத் தூண்டில் போடுவது சட்டப்படி தப்பு, மாமா பதிவு செய்த நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே கில்லி என்று ஒருவர் வருவார், ஆற்று வழிகாட்டி, அவர் சொல்வதைக் கேளுங்கள். அந்த மடுவில் எந்தக் கல்லுக்குப் பின்னால் மீன் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஊட்டமலை (பென்னாகரம்) எழுதியது:

நான் ஒகேனக்கல்காரன், எங்கள் தாத்தா, அப்பா எல்லாம் பரிசலில் போய் வலை போட்டவர்கள். எனக்கு இந்தப் பிடித்து விடும் விஷயமே பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப்பாட்டுக்கு மீன் பிடிக்கிறவனைப் பார்த்து "நீ பிடிக்காதே" என்பார்கள், காசு கொடுத்து வந்து விளையாடுகிறவனுக்கு வழி விடுவார்கள். சின்ன வயதில் அப்படித்தான் கோபமாக இருந்தேன்.

ஆனால் ஒன்று பார்த்தேன். எங்களுக்கு மேலே கர்நாடகப் பக்கம் பீமேஸ்வரி, கலிபோரே என்று முகாம்கள் இருந்தன, வெளிநாட்டுக்காரர்கள் வந்து மஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பிடித்து எடை பார்த்து, நோட்டில் எழுதி, விட்டுவிடுவார்கள். பிறகு சரணாலயச் சட்டத்தால் அது நின்றுபோனது. அந்த நோட்டுகள் பிற்பாடு என்ன ஆயின தெரியுமா? கலிபோரேயில் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் வருடா வருடம் குறைந்து அற்றுப்போகும் நிலைக்கு வந்ததும், வெளியிலிருந்து குஞ்சு கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதும் அதில்தான் வெட்ட வெளிச்சமானது. வெறுமனே ஆற்றைப் பார்த்தால் "மஹ்சீர் நிறைய இருக்கே" என்று தோன்றியிருக்கும். இருந்தது வேறு மஹ்சீர்.

திமில் மஹ்சீருக்கு விஞ்ஞானப் பெயர் எது என்றே 2018இல்தான் உறுதி செய்தார்கள், டோர் ரெமாதேவி. பெயர் கிடைத்த கையோடு மிக அருகிய இனம் என்ற பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. 1946இல் கபினியில் 120 பவுண்டு மஹ்சீர் தூண்டிலில் ஏறியிருக்கிறது, 54 கிலோ. என் தாத்தா, பரிசலில் அந்த மீனைப் போட்டால் ஆள் உட்கார இடம் இருக்காது என்று சொல்வார். நான் என் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்க்கவில்லை. ஆற்றில் வெடித் தோட்டா போட்டார்கள், பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள், தண்ணீர் வரத்தும் மாறிப்போனது. ஒரு தோட்டாவில் பெரியது சின்னது எல்லாம் மிதக்கும், எடுத்தது பாதி, அடித்துப் போனது பாதி.

அதனால் உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: இல்லாமல் போகிற மீனைப் பசிக்குக்கூடத் தின்னக் கூடாத காலம் ஒன்று வருகிறது, எங்கள் ஆற்றில் அது வந்துவிட்டது. அவர்கள் ஆற்றில் வருவதற்கு முன்பே விழித்துக்கொண்டார்கள் போல.

சாப்பிட வேண்டும் என்றால் ஊர் திரும்பியதும் வாருங்கள், ஊட்டமலையில் கெளுத்தியும் ஆரலும் வறுத்துத் தருகிறேன்.

அரூர் மீன்வளம் எழுதியது:

ஊட்டமலை அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். அங்கேயும் தாமதமாகத்தான் விழித்தார்கள். அட்லாண்டிக் சால்மன் பிரிட்டனில் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று 2023 டிசம்பரில் ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. உலக அளவில் 2006 முதல் 2020 வரை 23 சதவீதம் குறைந்திருக்கிறது. 2024 கோடையில் மீன் வரத்து ரொம்பக் குறைந்துபோய், நார்வேயில் 33 ஆறுகளில் சால்மன் தூண்டிலை நடு சீசனிலேயே நிறுத்தினார்கள். ஸ்காட்லாந்தில் தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பதை 2002லேயே தடை செய்துவிட்டார்கள், ஏப்ரல் 1க்கு முன் மாட்டுகிற சால்மனைக் கட்டாயம் விட வேண்டும் என்பது 2015இல் வந்தது. இப்போது அங்கே தூண்டிலில் மாட்டுவதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்ப ஆற்றுக்குத்தான் போகிறது.

நான் தூத்துக்குடியில் மீன்வளம் படித்தவள், இப்போது பண்ணைக் குளங்களில் வேலை. சால்மனைக் கையால் தொட்டதில்லை, ஆனால் மீனின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். அதனால் "பிழைக்குமா" என்ற கேள்விக்கு வருகிறேன்.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், கிரீன்லாந்து, ஃபாரோ தீவுகள் பக்கமெல்லாம் மேய்ந்து, பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்புகிறது. ஆற்றுக்குள் நுழைந்த பிறகு அது சாப்பிடுவதில்லை. உங்களுக்கு மே மாதம் மாட்டப்போகிற மீன் முட்டையிடுவது அக்டோபர், நவம்பர், டிசம்பரில். அதுவரை கடலில் கட்டிக்கொண்டு வந்த கட்டுச்சோறுதான். நீந்துவதும் அதில்தான், வயிற்றில் முட்டை வளர்வதும் அதில்தான். ஓசூர் அண்ணன் சொன்ன அந்த இருபத்தைந்து நிமிடத்தில் மீன் இழந்ததை அது தின்று ஈடுகட்ட முடியாது. ஏரிக் கட்லாவை விட்டால் மறுநாள் மேய்ந்து தேறிவிடும், சால்மனுக்கு அந்த வழி இல்லை.

அடுத்தது மூச்சு. நரம்போடு போராடும்போது தசையில் லாக்டிக் அமிலம் சேரும், ரத்தம் புளித்துவிடும். அதைச் சரிசெய்ய ஆக்சிஜன் வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் போட்டோவுக்காக வெளியே தூக்குகிறோம். காற்றில் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சே இல்லை. 1992இல் கனடாவில் சால்மனின் உறவான ரெயின்போ டிரவுட்டை வைத்து ஒரு சோதனை வெளிவந்தது. ஓட விட்டுக் களைக்க வைத்து, வெளியே எடுக்காமல் விட்டதில் 12 சதவீதம் செத்தது. 30 நொடி காற்றில் வைத்ததில் 38 சதவீதம். ஒரு நிமிடம் வைத்ததில் 72. ஆய்வுத் தொட்டியில் நடந்தது, ஆற்றில் அதே எண் வரும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது அல்லவா? பல மீன் அங்கேயே சாகாமல், சில மணி நேரம் கழித்துத்தான் செத்தது. நம் கண் முன்னால் நீந்திப் போனது என்பதற்காகப் பிழைத்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது சூடு, என்னைக் கேட்டால் இதுதான் முதல். 10 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 20 டிகிரியில் 9தான். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவை கூடுகிறது, கிடைப்பது குறைகிறது. குளிர்ந்த தண்ணீரில் ஒழுங்காகக் கையாண்டால் விட்ட சால்மனில் பெரும்பாலானவை பிழைத்து முட்டையிடுகின்றன, சிறு ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 18 டிகிரியிலிருந்து ஆபத்து ஏறுகிறது, 20 தொட்டால் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். மாமா எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் சரி. இங்கே நம் ஏரித் தண்ணீர் ஏப்ரலில் அதைவிட நன்றாகவே சூடாக இருக்கும், நம் மீன்கள் அதற்குப் பழகியவை. அதனால் இங்கே வைத்திருக்கும் கை அனுபவத்தை அங்கே நம்பாதீர்கள், ஒரு தெர்மாமீட்டர் கொண்டு போங்கள்.

பெரிய மீனை ஏன் இன்னும் கவனமாக விட வேண்டும்? பெண் சால்மனுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1000 முதல் 1500 முட்டை. 10 கிலோ மீன் என்றால் பத்தாயிரத்துக்கு மேல். அவ்வளவு பெரிதாக வர, இரண்டு மூன்று குளிர்காலமாவது கடலில் தங்கியிருக்க வேண்டும். எத்தனை குளிர்காலம் தங்கும் என்பதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். பெரியதாகப் பார்த்துப் பார்த்து எடுத்தால் ஆற்றில் பெரியதாகும் வழியே தேய்ந்துவிடும். பசிபிக் சால்மன் மாதிரி முட்டையிட்டதும் எல்லாம் செத்துப்போவதும் இல்லை, கொஞ்சம் மீன்கள் கடலுக்குத் திரும்பிப்போய் மறுபடியும் வரும், அதில் பெரும்பாலும் பெண் மீன்கள்.

முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாதீர்கள், நரம்பை ஒட்ட வெட்டிவிட்டு விடுங்கள். இறகும் நூலும் கட்டிய ஃப்ளை முள்ளில் அப்படி அதிகம் ஆகாது, பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். மண்புழு என்றால் விழுங்கிவிடும்.

ஊட்டமலை (பென்னாகரம்) எழுதியது:

தங்கச்சி, கட்டுச்சோறு என்று சொன்னீர்களே, எங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பிள்ளைத்தாச்சிய வழியில நிறுத்திச் சண்டை போடற மாதிரி" என்றார். எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சரி, ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் எவ்வளவு பெரியது பிடித்தார்கள்?

ஓசூர் ராடு (ஓசூர்) எழுதியது:

பிரிட்டனில் இன்றும் முறியாத தூண்டில் சாதனை ஒரு பெண்ணுடையது. 1922 அக்டோபர் 7, டே என்ற ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன், 64 பவுண்டு, அதாவது 29 கிலோ. படகில் அப்பா கூட இருந்தார், இருட்டும் வரை இரண்டு மணி நேரம் போராடினார்கள் என்று படித்திருக்கிறேன். நார்வேயின் டானா ஆற்றில் 1928இல் பிடித்ததுதான் உலக சாதனை, கிட்டத்தட்ட 36 கிலோ. அப்போது விடும் வழக்கம் இல்லை, மீனும் நிறைய இருந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இப்போது நாம் தெரிந்துகொண்டு செய்கிறோம், அதனால் நம் பொறுப்பு அதிகம்.

பெண்ணையாற்றுத் தூண்டில் (காவேரிப்பட்டணம்) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று தடவை படித்தேன், அப்பாவுக்கும் முழுக்கப் படித்துக் காட்டினேன். சோதனை எண்களைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. ஓசூர் அண்ணன் மறுநாள் பார்த்த மீனைப் பற்றிப் படித்தபோதுதான், "அந்த ஆளு உண்மையச் சொல்றாரு" என்றார்.

நேற்று ஏரியில் முயற்சி செய்து பார்த்தேன். முள்ளின் நாக்கைக் குறட்டால் மடக்கிவிட்டுப் போட்டேன். ஐந்து மாட்டியதில் மூன்று போய்விட்டது, நரம்பைத் தொய்ய விட்டது என் தப்பு என்று புரிந்தது. நாலாவது, கைநீள ரோகு. வலைக்குள் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றினேன், அண்ணன் சொன்ன மாதிரி ரெண்டே நொடி. தலையைத் திருப்பி வைத்தேன். கையில் ஒரு உதறு உதறிவிட்டுப் போனது. வீட்டுக்குக் கொண்டு வந்த மீன் எதுவும் எனக்கு அப்படி நினைவில் நிற்கவில்லை. ஐந்தாவது ஜிலேபி மீன், அதையும் விட்டுவிட்டேன்.

மாமாவிடம் பேசினேன், பதிவு செய்தது செவ்வாய்க்கிழமை, பிரச்சினை இல்லை. தண்ணீர் 20 டிகிரி தொட்டால் கரையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துவிட்டு வருவோம் என்று சொல்லிவிட்டேன். போட்டோ தண்ணீரில் வைத்துத்தான், கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை.

அரூர் மீன்வளம் எழுதியது:

ரோகுவை விட்டது சரி. ஜிலேபியை விட வேண்டாம் தம்பி, அது வெளியிலிருந்து வந்து நம் ஏரிகளை நிரப்பி, நாட்டு மீன்களுக்கு இடமில்லாமல் செய்த மீன். அடுத்த முறை அப்பா கையில் கொடுத்துக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள்.

ஓசூர் ராடு (ஓசூர்) எழுதியது:

தெர்மாமீட்டர் வாங்க வேண்டாம் தம்பி. ஆற்றில் கட்டித் தொங்கவிடுகிற என்னுடையது வீட்டில் சும்மா கிடக்கிறது, கூடவே முடிச்சில்லாத வலையும் இருக்கிறது. பெங்களூருக்குத்தானே விமானம் ஏறப் போவீர்கள், போகிற வழியில் ஓசூரில் இறங்கி வாங்கிக்கொள்ளுங்கள். தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன். திரும்பி வந்ததும் நீளம் எத்தனை சென்டிமீட்டர், தண்ணீர் எத்தனை டிகிரி, மாட்டியதிலிருந்து விட்டது வரை எத்தனை நிமிடம் என்று மூன்றையும் இங்கே எழுதுங்கள்.